மாப்பிள்ளை பூப்பறிக்கப் போயிருக்கிறார்

இந்தக் காலத்தில் விருந்துக்கு வருகிறவர்களுக்கு, வீட்டுக்காரன் உயிரோடு இருக்கிறானா என்று விசாரிக்கக்கூட நேரமில்லை. செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே வைஃபை கடவுச்சொல் என்ன என்கிறார்கள். சொன்னதும் ஆளுக்கொரு திண்டில் சாய்ந்து தலையைக் குனிந்துகொள்கிறார்கள். தேநீர் ஆறுகிறது, வெட்டி வைத்த வெள்ளரிக்காய் வாடுகிறது. முன்பு ஒருத்தன் வீட்டுக்குள் வந்தால் உன் உடம்பு எப்படி, உன் அம்மா உடம்பு எப்படி, உன் லாரி எப்படி என்று கால் மணி நேரம் கேட்டுவிட்டுத்தான் உட்காருவான். பெரிய அக்கறையெல்லாம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் கேட்பான்.

நுஸ்ரதுல்லா இதை வாய்விட்டே சொல்லிக்கொண்டு கூடத்தின் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். ஈரானின் அராக் நகரத்தில் அவருடைய சொந்த வீடு, அவருடைய ஒரே மகள் சமானேயின் நிக்காஹ். இருந்தும் காது கொடுப்பார் யாரும் இல்லை.

"புலம்பாம ஒரு இடத்துல உக்காருங்க," என்றாள் அவர் மனைவி தாஹிரே. "பொண்ணோட அப்பா மாதிரியா இருக்கீங்க? வாடகை கேக்க வந்தவர் மாதிரி இருக்கீங்க."

"உக்காரலாம். மாப்பிள்ளை எங்க?"

"அதோ இருக்காரே."

மாப்பிள்ளை தொலைக்காட்சியில் இருந்தான். தரையில் விரித்த வெள்ளைத் துணியின் மேல் கண்ணாடி, மெழுகுவர்த்திகள், தேன், வாதுமை, குர்ஆன் எல்லாம் முறைப்படி பரப்பியிருந்தார்கள். துணிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் சமானே. மற்றதில் மாப்பிள்ளை உட்கார வேண்டிய இடத்தில், திரை மட்டும் தெரிய மேஜை விரிப்பு போர்த்திய தொலைக்காட்சி. அதன் திரையில் சியாமக், ஹாம்பர்க் நகரத்தில் ஏதோ ஒரு வாடகை மண்டபத்தில், கழுத்துப் பட்டை இறுக்கத்தில் முகம் சிவந்து சிரித்துக்கொண்டிருந்தான். பெண் கேட்பதற்கு ஒரே ஒரு முறை பூங்கொத்தோடு வந்துவிட்டுப் போனவன். அதன் பிறகு வரவில்லை. அங்கே குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கிற வரை நாட்டைவிட்டு நகரக் கூடாதாம். நுஸ்ரதுல்லா அதையும் நம்பவில்லை.

நாற்பது வருஷம் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு லாரி ஓட்டியவர் அவர். டயர் வெடித்தது, மாமியார் செத்துப்போனாள், சோதனைச் சாவடியில் மடக்கிவிட்டார்கள் என்று அவர் கேட்காத சாக்கு கிடையாது. சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில் நேரில் நிற்கிறவன் மனிதன். மற்றவன் கதை சொல்கிறவன். அவருக்குத் தெரிந்த பிரிவினை அவ்வளவுதான்.

அதனால்தான் அவர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். தன் சார்பில் நிக்காஹ் நடத்திவைக்கும் ஹாஜியே சம்மதம் சொல்லலாம் என்று சியாமக் தூதரகத்தில் முத்திரை வைத்துப் பத்திரம் அனுப்பியிருந்தான். சட்டப்படி அது போதும். நுஸ்ரதுல்லாவுக்குப் போதாது. "காகிதத்துக்கெல்லாம் பொண்ணு கொடுக்க மாட்டேன். முகத்தைக் காட்டி, அவன் வாயாலயே 'சம்மதம்'னு எங்கிட்ட சொல்லணும். அப்புறம்தான் என் அனுமதி." அப்பாவின் அனுமதி இல்லாமல் ஹாஜி நிக்காஹைப் பதிவு செய்ய முடியாது. எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்கள்.

வேறு வழியும் இல்லை. முஹர்ரம் பிறைக்கு இன்னும் ஒரே ஒரு நாள். பிறந்துவிட்டால் துக்க காலம், இரண்டு மாதத்துக்கு எந்த வீட்டிலும் கல்யாணம் கிடையாது. சமானேக்கு ஜெர்மன் தூதரகத்தில் வருஷக்கணக்காகக் காத்திருந்து கிடைத்த நேர்காணலோ அதற்கு நடுவில் வருகிறது. திருமணச் சான்று இல்லாமல் போனால் மறுபடியும் வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். இன்றைக்கு நடந்தால் உண்டு.

மாப்பிள்ளையின் சொந்தங்கள் நாலு நாட்டில் சிதறிக் கிடந்தார்கள். எல்லோரும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்று சியாமக் ஒரு காணொளிக் கம்பெனிக்குச் சந்தா கட்டியிருந்தான். பொருளாதாரத் தடை காரணமாக இந்த நாட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கம்பெனி சேவை தராது. அதனால் நுஸ்ரதுல்லாவின் மகன் மைசம் தன் போனில் விபிஎன்னைப் போட்டு, அராக்கில் இருக்கிற போனை இஸ்தான்புல்லில் இருப்பதுபோல் கம்பெனிக்குக் காட்டி, போனிலிருந்து ஒரு கம்பியைத் தொலைக்காட்சியில் சொருகியிருந்தான்.

"என் வீட்டுல உக்காந்துக்கிட்டு இஸ்தான்புல்ல இருக்கேன்னு பொய் சொல்லித்தான் என் பொண்ணுக்குக் கல்யாணமா?" என்று அப்போதே நுஸ்ரதுல்லா கேட்டார்.

"நமக்கு நாம சொல்லிக்கிற பொய் இல்ல பாபா. கம்பெனிக்குச் சொல்றது."

"அவன் யாரு, நான் எங்க இருக்கேன்னு கேக்க? நீ எங்க இருக்கன்னு நான் அவனைக் கேட்டேனா?"

மைசம் கம்பியை இன்னும் அழுத்திச் சொருகினான். முப்பத்தைந்து வயதில் அப்பாவுக்குப் பதில் சொல்வதை விட்டிருந்தான்.

ஹாஜி மாலை நேரத்தில் வியர்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பிறைக்கு முந்தைய நாள் என்பதால் அவருக்கு இன்னும் இரண்டு வீடுகளில் நிக்காஹ் பாக்கி. பெண்கள் சமானேயின் தலைக்கு மேல் வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தார்கள். துணியின் மறுபாதி தொலைக்காட்சிக்கு மேல் வந்தது. வாழ்வு இனிக்கட்டும் என்று சர்க்கரைக் கூம்புகள் இரண்டை எடுத்துத் துணியின் மேல் உரச ஆரம்பித்ததும், தூள் சமானேயின் முக்காட்டிலும் சியாமக்கின் நெற்றியிலும் ஒரேபோல் உதிர்ந்தது. மாப்பிள்ளையின் அம்மா மஹின் திரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, "என் கண்ணே, கொஞ்சம் நிமிர்ந்து உக்காரு," என்றாள். ஹாம்பர்க்கில் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கூடம் சிரித்தது.

அப்போது பார்த்து வாசல் மணி அடித்தது.

கேக்கைக் கொண்டுவந்திருந்த ஆள் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றான். மோட்டார் சைக்கிள் வெயிலில் தகித்துக்கொண்டிருந்தது. நுஸ்ரதுல்லாதான் கதவைத் திறந்தார்.

"எவ்வளவுப்பா?"

"ஐயோ, என்ன ஐயா இது. உங்க வீட்டுக் கல்யாணம். இருக்கட்டும்."

"இருக்கட்டும்லாம் வேணாம். சொல்லு."

"பெரிய விஷயமா ஐயா? எங்க அன்பளிப்புன்னு வச்சுக்குங்க."

ஊர் மரியாதைப்படி இதை மூன்று தரம் சொல்லிவிட்டு நாலாவது தரம் விலையைச் சொன்னான். அவனுடைய அட்டை இயந்திரத்தில் சார்ஜ் தீர்ந்திருந்தது. கடைக்கணக்குக்கு வங்கிச் செயலியில் அனுப்பிவிடுங்கள் என்றான். நுஸ்ரதுல்லாவின் ரொக்கம் உள்ளறை அலமாரியில் இருந்தது. வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அவர் அந்த அலமாரியைத் திறக்கிறவர் அல்ல. அவருடைய வங்கிக் கணக்கோ மைசமின் போனில்தான் இருந்தது.

நடையில் நின்ற விருந்தாளிகள் மூன்று பேர் ஒரே நேரத்தில் பையில் கை விட்டார்கள். "நான் அனுப்பிடறேன் நுஸ்ரத் ஐயா!" "அட, நான் இருக்கும்போது நீங்களா?" "எம்மேல ஆணை, நான்தான் கொடுப்பேன்!"

மூவரும் மரியாதைக்குச் சொல்கிறார்கள் என்று நுஸ்ரதுல்லாவுக்குத் தெரியும். அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று அவர்களுக்கும் தெரியும். மகளின் கல்யாணக் கேக்குக்கு விருந்தாளி கொடுத்தான் என்ற பேச்சு வந்தால் தெருவில் தலைகாட்ட முடியுமா? அவர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். "மைசம்! இங்க வா!"

மைசம் தொலைக்காட்சிக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினான். "பாபா, பத்து நிமிஷம். ஹாஜி ஆரம்பிச்சுட்டார்."

"ஒரு மனுஷனை வெயில்ல நிக்க வைக்கிற பழக்கம் இந்த வீட்டுல கிடையாது. உடனே அனுப்பு."

"இப்ப அனுப்பினா..."

"அனுப்புடான்னா அனுப்பு!"

இங்கேதான் சங்கடம். காணொளிக் கம்பெனிக்கு விபிஎன் வேண்டும். இந்த நாட்டு வங்கிச் செயலிக்கு விபிஎன் ஆகாது. போட்டிருந்தால் வெளிநாட்டில் இருக்கிற எவனோ என்று எண்ணித் திறக்காது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு நாள் முழுக்க அதைப் போடுவதும் அணைப்பதும்தான் பிழைப்பு. மின்விசிறி சுவிட்சைக்கூட யாரும் இத்தனை தடவை தட்டுவதில்லை. மைசம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான், ஹாஜியைப் பார்த்தான். அவர் அரபியில் நீளமாக ஓதிக்கொண்டிருந்தார். ஒரு நிமிஷம்தானே என்று விபிஎன்னை அணைத்தான். கேக்குக்கு அனுப்பினான். திரும்பப் போட்டான்.

ஓதி முடித்த ஹாஜி, நுஸ்ரதுல்லா உள்ளே வந்து உட்காரும்வரை காத்திருந்துவிட்டுத் தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்டார். "சியாமக் அவர்களே, இந்த நிபந்தனைகளின்படி சமானேயை மணமுடிக்க உங்களுக்குச் சம்மதமா?"

சியாமக் பதில் சொல்லவில்லை. ஒரு கண் பாதி மூடி, வாய் பாதி திறந்து, அப்படியே இருந்தான்.

வழக்கமாகப் பெண்ணிடம்தான் மூன்று முறை கேட்பார்கள். முதல் இரண்டு முறையும் அவள் வாயைத் திறக்கக் கூடாது. பூப்பறிக்கப் போயிருக்கிறாள், பன்னீர் கொண்டுவரப் போயிருக்கிறாள் என்று சுற்றி நிற்கும் பெண்கள் அவளுக்காகச் சாக்குச் சொல்வார்கள். மாப்பிள்ளைக்கு அப்படியொரு சலுகை எங்கும் கிடையாது. ஆனால் சர்க்கரை உரசிக்கொண்டிருந்த ஒரு குறும்புக்காரி கூவினாள்: "மாப்பிள்ளை பூப்பறிக்கப் போயிருக்கார்!"

கூடமே அதிர்ந்தது. ஹாஜிகூடத் தாடிக்குள் சிரித்தார். "வெட்கமா மாப்பிள்ளை? சரி, இரண்டாம் முறை கேட்கிறேன். சம்மதமா?"

சியாமக் அசையவில்லை.

"மாப்பிள்ளை பன்னீர் கொண்டுவரப் போயிருக்கார்!"

இன்னும் பெரிய சிரிப்பு. மஹின் பெருமையோடு நாலு பக்கமும் பார்த்தாள். "சின்ன வயசுலேருந்தே இவன் இப்படித்தான். ஒரே வேடிக்கை." மைசம் மட்டும் சிரிக்கவில்லை. போனைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவன் காதுகள் சிவந்துவிட்டன.

மூன்றாம் முறை ஹாஜி கேட்டதும் சியாமக் மறைந்தான். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற விருந்தாளி ஒருத்தி எழுந்து வாசித்துச் சொன்னாள்: "இந்தச் சேவை உங்கள் பகுதியில் கிடைக்காது. உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டது."

சர்க்கரைக் கூம்புகள் நின்றன.

"ஓடிட்டான்," என்றார் நுஸ்ரதுல்லா.

"யாரு ஓடினா?" மஹின் எழுந்தாள். "எம்பிள்ளையா? கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, மண்டபத்துக்கு வாடகை கட்டிட்டு ஓடுவானா?"

"மூணு தரம் கேட்டாச்சு சம்பந்தி அம்மா. நான் கேக்கல, ஹாஜி கேட்டார். வாயைத் திறந்தானா?"

"அது படம் உறைஞ்சு போச்சு!"

"கேள்வி வந்ததும் உறைஞ்சுது. அதுக்கு முன்னாடி நல்லாத்தானே சிரிச்சுக்கிட்டு இருந்தான்?"

"பாபா, நான்தான்," என்றான் மைசம். "நான்தான் விபிஎன்னை அணைச்சேன். கேக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னீங்கள்ல? அந்த ஒரு நிமிஷத்துல கம்பெனிக்காரன் நாம அராக்ல இருக்கோம்னு பாத்துட்டான். தடை இருக்கற நாடுன்னு கணக்கையே மூடிட்டான்."

"ஓ, இப்ப பழி கேக்கு மேலயா?"

"கேக்கு மேல இல்ல பாபா..."

"அப்ப எம்மேலயா?"

மைசம் கையை உதறினான். "யார் மேலயும் இல்ல. உள்ளேருந்து நம்ம அரசாங்கம் கதவைச் சாத்துது, வெளியேருந்து அவன் பூட்டறான். நடுவுல நான் ஒரு போனை வச்சுக்கிட்டு என்ன பண்ணட்டும்? மாத்தி மாத்தித் தட்டி என் விரல்தான் தேயுது!"

அவன் வேறு விபிஎன்களைப் போட்டுப் பார்த்தான். ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. மற்றொன்று விளம்பரம் காட்டியது. விருந்தாளிகள் ஆளாளுக்குத் தங்கள் போனை நீட்டி, என்னுடையதைப் பார், என் மச்சினன் கொடுத்தது, நேற்றுவரை நன்றாக ஓடியது என்றார்கள். எதிலும் ஹாம்பர்க் வரவில்லை.

ஹாஜி கடிகாரத்தைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "நுஸ்ரத் ஐயா, பத்திரம் எங்கிட்ட இருக்கு. முத்திரை சரியா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிச்சிடலாம்."

"முகத்தைப் பாத்துக் கேக்கறேன்னு சொன்னேன். முகம் எங்க?"

அடுக்களையில் தரைவழித் தொலைபேசி அடித்தது. தாஹிரே ஓடிப்போய் எடுத்தாள். "சியாமக்! சியாமக்தான்!" அவள் கருவியை நீளக் கம்பியோடு இழுத்துக் கொண்டுவந்து, ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தி, குர்ஆனுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொரகொரவென்ற இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது.

"பாபா ஜான்! கேக்குதா? நான் சம்மதம்னு கத்திக்கிட்டே இருந்தேன். இங்க எல்லாருக்கும் கேட்டுது. அங்கதான் கேக்கல!"

"அப்படியா," என்றார் நுஸ்ரதுல்லா. "யாரு கேக்க விடாம பண்ணது?"

"கம்பெனிதான். நீங்க எந்த நாட்டுல இருக்கீங்கன்னு தெரிஞ்சதும் துண்டிச்சிட்டாங்க."

"அந்தக் கம்பெனி முதலாளி பேர் என்ன?"

"அது... எனக்கு எப்படித் தெரியும் பாபா ஜான்?"

"எனக்கும் தெரியாது. அவனுக்கும் என்னைத் தெரியாது. நான் அவன் சரக்கை ஏத்தினதில்ல, அவன் என் லாரியை இடிச்சதில்ல. என் பொண்ணு கல்யாணத்தை அவன் எதுக்கு நிறுத்தணும்?"

"உங்களை அவன் பாக்கறதே இல்ல. இயந்திரம் பாக்குது. நாட்டுப் பேரைப் பாக்குது, மூடுது. இங்க எனக்கே நடந்துருக்கு. போன வருஷம் நண்பன் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தான். நான் என் பங்கை அனுப்பும்போது குறிப்புல 'ஈரான் கபாப்'னு எழுதிட்டேன். அவ்வளவுதான். பணம் அனுப்பற கம்பெனி என் கணக்கை முடக்கிட்டு, கபாப்னா என்ன, யாருக்காக வாங்கினீங்கன்னு விளக்கம் கேட்டுது!"

சியாமக் இதை உதவும் என்று நினைத்துத்தான் சொன்னான். நுஸ்ரதுல்லா மெல்லக் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டீங்களா? கபாப் சாப்பிட்டதுக்கு இவன் கணக்கை மூடிட்டாங்களாம். சாக்கு சொல்றவனுக்கு எங்க நிறுத்தணும்னு தெரிய வேணாமா? டயர் வெடிச்சுதுன்னு சொல்லு, நம்பறேன். டயரைக் கபாப் தின்னுடுச்சுன்னா?"

"பாபா, அது நெஜம்!" என்றான் மைசம். "எனக்கும்கூட..."

"நீ வாயை மூடு. உன் கணக்கையும் கத்தரிக்காய் மூடியிருக்கும்."

இரண்டொருவர் சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். மஹினுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மருமகளுக்குப் போடக் கொண்டுவந்திருந்த வளையல் பெட்டியை அவள் கைப்பைக்குள் போட்டு மூடினாள். "போதும். எம்பிள்ளையைப் பொய்யன்னு சொன்ன வீட்டுல எனக்கென்ன வேலை?" என்று அங்கியைத் தேடினாள். அப்படிச் சொன்னால் நாலு பேர் கையைப் பிடித்து உட்கார வைப்பார்கள். பிடிக்கத்தான் செய்தார்கள். ஆனால் இந்த முறை அவள் கையை உதறினாள். ஹாஜி பதிவேட்டை மூடி எழுந்திருக்கப் பார்த்தார். தொலைபேசியில் ஹாம்பர்க்காரர்கள் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பாபா."

இதுவரை சமானே ஒரு வார்த்தை பேசவில்லை. மணப்பெண் பேசக் கூடாது. பேசினது மட்டுமில்லை, தலைக்கு மேலிருந்த துணியையும் ஒரு கையால் ஒதுக்கிவிட்டுத் திரும்பியிருந்தாள். சர்க்கரைத் தூள் மூக்கில் ஒட்டியிருந்தது.

"கம்பெனி கதையை நம்பறீங்களா இல்லையான்னு நான் கேக்கல. கபாப் கதையும் எனக்கு வேணாம். இந்தக் குரல் அவர் குரல். மூணு வருஷமா தினமும் கேக்கறேன். விபிஎன் இல்லாதப்ப மொட்டை மாடியில நின்னு கேட்டிருக்கேன், பாதி வார்த்தை விழுந்து பாதி விழாமக் கேட்டிருக்கேன். இன்னைக்கு இல்லன்னா நேர்காணல் போச்சு. அப்புறம் எத்தனை வருஷமோ. நான் அவரை நம்பறேன். அது உங்களுக்குப் போதுமா, போதாதா? அத மட்டும் சொல்லுங்க."

"நீ நம்புவ. நீ சின்னப் பொண்ணு."

"முப்பத்தொரு வயசு பாபா. தலையில நரை இருக்கு. இது சர்க்கரை இல்ல, நரைதான்."

யாரோ மூச்சை இழுத்தார்கள். நுஸ்ரதுல்லா மகளைப் பார்த்தார். பிறகு கறுப்பாகக் கிடந்த தொலைக்காட்சியை. பிறகு குர்ஆனுக்குப் பக்கத்தில் கொரகொரத்துக்கொண்டிருந்த பழைய கருவியை. இவர்கள் எல்லோரும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றே அவருக்குத் தோன்றியது. பெண் மட்டும் ஏமாற்றவில்லை. அவள் முகம் அவருக்கு எதிரில் இருந்தது, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில்.

"டேய்," என்றார் கருவியைப் பார்த்து.

"சொல்லுங்க பாபா ஜான்."

"உனக்குச் சம்மதமா?"

"சம்மதம்! ஆயிரம் தடவை சம்மதம்!"

"ஒரு தடவை போதும்." அவர் ஹாஜியிடம் திரும்பினார். "பத்திரத்தை எடுங்க. பொண்ணைக் கேளுங்க."

ஹாஜி விட்ட இடத்திலிருந்து அவசர அவசரமாகப் பிடித்தார். பெண்கள் துணியை மறுபடி விரிக்கக்கூட நேரமில்லை. அவர் முதல் தடவை கேட்டு முடிப்பதற்குள், பூப்பறிக்கப் போயிருக்கிறாள் என்று யாரும் வாய் திறப்பதற்குள், சமானே சொல்லிவிட்டாள்: "என் அப்பா அம்மா அனுமதியோட, சம்மதம்."

"ஐயோ, முதல் தடவையிலேயா!" என்று தாஹிரே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"வெச்சிருந்து இன்னொரு லைனும் போகட்டும்னு பாக்கறியா அம்மா?"

குலவைச் சத்தம் எழுந்தது. ஹாம்பர்க்கிலிருந்தும் அதே சத்தம் ஓட்டைத் தகரத்தில் கல் விழுவதுபோல் வந்தது. மஹின் கைப்பையைத் திறந்து வளையலை எடுத்து, அழுதுகொண்டே சமானேயின் கையில் ஏற்றினாள். நுஸ்ரதுல்லாவின் பக்கம் மட்டும் திரும்பவில்லை. அவர் மகளின் நெற்றியில் முத்தமிட்டார். ஹாஜி காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எல்லோரும் கைகுலுக்கினார்கள், அவரும் குலுக்கினார்.

பிறகு சாப்பாட்டுக்கு ரொட்டி வாங்கி வருகிறேன் என்று செருப்பைத் தேடினார். நடையில் மைசம் போனோடு வந்து வழிமறித்தான்.

"பாபா, சியாமக்குக் கம்பெனி அனுப்பின மின்னஞ்சல் இது. எனக்கு அனுப்பியிருக்கார். பாருங்க. 'தடைவிதிக்கப்பட்ட பகுதியிலிருந்து பயன்படுத்தியதால் உங்கள் கணக்கை நிரந்தரமாக மூடுகிறோம்.' இப்பவாவது நம்புங்க."

"இங்கிலீஷ்ல இருக்கு."

"நான்தான் படிச்சுச் சொல்றேனே!"

"நீ படிப்ப. அவன் எழுதுவான். உங்களுக்கென்ன, படிச்சவங்க."

"அப்படின்னா எதுக்குச் சம்மதம் சொன்னீங்க?"

"அவ கேட்டா, சொன்னேன். உன் கம்பெனியா கேட்டுது?"

அவர் கதவைத் திறந்தார். வெளியே இன்னும் அனல் அடங்கவில்லை. மைசம் வாசற்படிவரை பின்னாலேயே வந்து, இயந்திரம் என்றால் என்ன, தடை என்றால் என்ன, யார் யார்மேல் போட்டது என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். நுஸ்ரதுல்லா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். கடல் கடந்து எங்கோ இருக்கிறவன், அராக்கில் ஒரு லாரிக்காரன் மகளுக்குக் கல்யாணம் என்று மெனக்கெட்டுக் கண்டுபிடித்து, சரியாக அந்த நேரம் பார்த்துக் கம்பியைப் பிடுங்கினானாம்.

"கேக்கறவன் கேனையா இருந்தா," என்று முணுமுணுத்தபடி ரொட்டிக் கடைப் பக்கம் திரும்பினார். மைசம் பின்னாலிருந்து இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.